உம்மைக் கேக்கேல்லை

டாக்டரம்மா போன பிறகு எங்கள் ஸ்கேன் சென்டர் அமைதியாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். மேனேஜர் சொல்கிறார், நர்சுகள் சொல்கிறார்கள், தரை துடைக்க வருகிறவர்கூடச் சொல்கிறார். எனக்கு அந்த அமைதியை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அமைதி வேண்டுமென்றால் ஈப்போவைச் சுற்றி எத்தனையோ சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன, அங்கே போய் உட்காரட்டும். நோயாளிகள் வந்து போகிற இடத்தில் யாராவது ஒருவர் சத்தம் போட்டுத்தான் ஆகவேண்டும். அவர் போட்டார்.

ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிற டாக்டர் அவர். நான் வாசலில், கவுண்டரில் உட்கார்ந்து பெயர் பதிகிற கிராணி. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒருவர் புகார் கொடுப்பார். சென்டரில் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சிலி பாடி'. ஆள் அந்தக் குட்டி ஊசி மிளகாய் அளவுதான், காரமும் அதே அளவு. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். ஒருநாள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "நான் இருக்கிறது போதாதெண்டு சம்பலும் வேறை வைச்சிருக்கினம்" என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் நின்றோம். அவர் சிரிக்காமல் சாப்பிட்டு முடித்தார்.

யாழ்ப்பாணத்து வம்சம். அவர்கள் பாட்டன்மார் மலாயாவில் ரயில்வேக்கும் ஆபீஸ்களுக்கும் வந்தவர்கள், எங்கள் பாட்டன்மார் ரப்பர் மரத்துக்கு வந்தவர்கள். அந்தக் கதை பேராக்கில் எல்லாருக்கும் தெரியும், அதனால் எங்களுக்குள் ஒரு கண்ணாடிச் சுவர் எப்போதும் உண்டு. டாக்டரம்மா வாயைத் திறந்தால் 'நீர்', 'உமக்கு' என்று வரும். அவர்கள் வீட்டில் அது சாதாரணப் பேச்சு. ஈப்போவின் புந்தோங் பக்கத்து எங்கள் ஆட்களுக்கு அதைக் கேட்டால் கோர்ட்டில் நிறுத்தி விசாரிக்கிற மாதிரி இருக்கும். "என்ன அந்தம்மா, என்னமோ நீர்ங்குறாங்க, மோர்ங்குறாங்க" என்று என்னிடம் வந்து முறையிட்டவர்கள் பலர்.

படம் பார்க்கிற டாக்டர்கள் பொதுவாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. இருட்டும் ஏர்கானுமாக ஒரு அறை, இரண்டு பெரிய திரை, ஒரு மைக். அதற்குள்ளேயே அவர்கள் உலகம் முடிந்துவிடும். இவர் வருவார். படத்தில் ஏதாவது ஒன்று இடித்தால் போதும், அந்த அறையின் கதவு சுவரில் மோதுகிற சத்தம் எனக்குக் கேட்கும். பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையில் ஆறிப்போன காப்பி. நேராக வெயிட்டிங் ரூமுக்குப் போய், எந்த நோயாளியின் படமோ அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"எங்கை நோகுது? எப்ப தொடங்கினது? நேற்று என்ன சாப்பிட்டீர்?"

இங்கேதான் எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மில் நோயாளி வாயைத் திறப்பதில்லை. கூட்டிக்கொண்டு வந்தவர்தான் பேசுவார். அப்பாவுக்கு மகன் பேசுவான், மாமியாருக்கு மருமகள் பேசுவாள், பெண்டாட்டிக்குப் புருஷன் பேசுவான். சீக்காளி சாமி மாதிரி நடுவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பெயர் அக்கறை. கவுண்டரில் உட்கார்ந்து இதைப் பார்த்துப் பார்த்து எனக்கே பழகிப்போயிருந்தது.

டாக்டரம்மாவுக்குப் பழகவேயில்லை. யார் குறுக்கே பதில் சொன்னாலும் கண்ணை நோயாளியிடமிருந்து எடுக்காமல் ஒன்றுதான் சொல்வார்.

"உம்மைக் கேக்கேல்லை."

நான் அதை முதலில் கேட்டது லகாட்டிலிருந்து ஒரு வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த மகனிடம் அவர் சொன்னபோது. பழைய ஸ்கேன் படம் உள்ள சிடியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். புதிய படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் கட்டி வளர்ந்ததா தேய்ந்ததா என்று சொல்ல முடியும். கொண்டுவந்தார்கள். சிடி முழுக்க சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு, மேலே விபூதி. வீட்டுச் சாமி மேடையில் வைத்து மாசக்கணக்கில் கும்பிட்டிருக்கிறார்கள். மெஷின் அதை உள்ளே வாங்கிவிட்டு வெளியே துப்பியது.

டாக்டரம்மா வெளியே வந்தார். சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆரின்ரை வேலை?" என்று அந்த அம்மாவைக் கேட்டார். மகன் முந்திக்கொண்டு, "இல்ல டாக்டர், எங்கம்மாவுக்குத் தெரியாம..." என்று ஆரம்பித்தான்.

"உம்மைக் கேக்கேல்லை."

அந்த அம்மா தலையை நிமிர்த்தி, "நான்தாங்க வச்சேன். நல்ல சேதி வரட்டும்னு" என்றார். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். டாக்டரம்மா சிடியைக் கை கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு மெதுவாகத் தேய்த்து, தன் கம்பளிச் சட்டையிலேயே ஒற்றி எடுத்தார். "சாமி பாத்திட்டார். இனி நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு வழக்கம்போல் சுவரில் மோதியது.

எப்போதும் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அவரே என்னைப் பார்த்துக் கத்துவார். ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மகள் வந்திருந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் மகளே பதில் சொல்ல, இவர் இரண்டு தடவை "உம்மைக் கேக்கேல்லை" என்றார். மூன்றாவது தடவை அந்தப் பெண் உடைந்து அழுதாள். பெரியவருக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சே போய்விட்டிருந்தது. தாளில் அது எழுதித்தான் இருந்தது, டாக்டரம்மா அதைப் படிக்காமல் வந்துவிட்டார். நானாக இருந்தால் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். இவர் கேட்கவில்லை. பெரியவர் கையைத் தன் கையில் எடுத்து, "ஓம் எண்டால் ஒருக்கா அமத்தும், இல்லையெண்டால் விடும்" என்று சொல்லி, எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து கேட்டார். பெரியவர் அமத்தினார். அவர் முகத்தில் ஒரு பெருமை வந்ததை நான் பார்த்தேன். மகள் அதைப் பார்க்கும் நிலையில் இல்லை. அவள் போகும்போது மேனேஜரிடம் புகார் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. டாக்டரம்மாமேல்தான் அன்றைக்குக் கோபமாக வந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. படத்தைக் கொடுத்தால் தானே கட்டியைக் கண்டுபிடித்து, சிவப்பில் கோடு போட்டு, அளவெடுத்து, போன படத்தோடு கணக்குப் பார்த்து, கீழே 'வளர்ச்சி', 'தேய்வு' என்று ஒரு வார்த்தையும் எழுதிவிடுகிற புரோகிராம். விற்க வந்த பையன் கோட் சூட்டில் நின்று, இனிமேல் புற்றுநோய் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று இதுவே சொல்லிவிடும் என்றான். டாக்டரம்மா கத்துவார் என்று நாங்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கப் போய் நின்றோம். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார். தான் தவறவிட்ட ஒரு குட்டி நெறிக்கட்டியை அது பிடித்திருந்ததைக் கண்டு, "அட மூதேவி" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

"நல்ல பிள்ளை இது. கணக்கு என்னைவிடச் சரியாப் போடுது. ஆனா கடைசியிலை ஒரு சொல்லு எழுதுதே, அதை ஆரைக் கேட்டு எழுதுது?"

அவர் அதை வாங்கச் சொல்லிவிட்டார். அதன் அளவுகளை எடுத்துக்கொள்வார், கடைசி வார்த்தையை மட்டும் தானே எழுதுவார்.

இப்போது என் அக்காவிடம் வருகிறேன். இத்தனையும் எழுதியது அதற்காகத்தான்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது எங்களை லயத்தை விட்டுக் கிளப்பினார்கள். புந்தோங்குக்கு வந்தோம். அம்மா அதற்குப் பிறகு அதிகநாள் இருக்கவில்லை. அக்கா கச்சாங் பூத்தே பலகாரக் கடையில் முறுக்குச் சுட்டு என்னைப் படிக்க வைத்தார். பீடி சிகரெட் எதையும் தொடாத அந்த அக்காவின் நுரையீரலில் புற்று வந்தது. பரவியும் விட்டது. வழக்கமான கீமோவுக்கு உடம்பு தாங்காது என்றார் சிகிச்சை பார்த்த நிபுணர். புதிய வகை மருந்து ஒன்று ஏற்றலாம், அது புற்றைத் தானே கொல்லாது, உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிற எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிட்டு அதைக்கொண்டு கொல்ல வைக்கும் என்று விளக்கினார். அதன் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வாயில் நல்ல வார்த்தை வராது, விட்டுவிடுகிறேன். சிங்கப்பூரில் இருக்கிற அக்காவின் மகள் பார்த்துக்கொண்டாள்.

சில டிரிப் ஏறிய பிறகு ஸ்கேன். அது நன்றாக வரவில்லை என்றால் மருந்தை நிறுத்திவிடுவோம், அதற்குமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று நிபுணர் சொல்லியிருந்தார். ஆக, அந்த ஒரு படத்தில்தான் என் அக்கா இருந்தார்.

எங்கள் சென்டரில்தான் எடுத்தோம். மாமா கூட்டிக்கொண்டு வந்தார். அக்காவின் புருஷன். லாரி ஓட்டினவர், அக்காவுக்கு நோய் வந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்கா கல்யாணத்துக்குக் கட்டிய மாதிரி இறுக்கமாகச் சேலை கட்டுகிறவர். அன்றைக்குச் சுடிதார் போட்டிருந்தார், அது ஹேங்கரில் தொங்குவதுபோலத் தொங்கியது.

படம் எடுத்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளே டெக்னீஷியன் பையன் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். நான் எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். அக்காவின் நெஞ்சில் சிவப்புக் கோடு போன தடவையைவிடப் பெரிய வட்டமாக ஓடியது. கீழே கம்ப்யூட்டர் எழுதியிருந்தது: வளர்ச்சி.

கதவு மோதியது. டாக்டரம்மா என்னைத் தாண்டி வெயிட்டிங் ரூமுக்குப் போய், அக்காவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீர் எப்பிடி இருக்கிறீர்?"

மாமா ஆரம்பித்தார். "ரொம்ப வீக் டாக்டர். ஒண்ணுமே எறங்க மாட்டேங்குது. எப்படி இருந்தவ, இப்பப் பாருங்க. எந்நேரமும் படுக்கைதான். ஸ்பெஷலிஸ்ட்கிட்டயும் சொல்லிட்டேன்."

"உம்மைக் கேக்கேல்லை."

"இல்ல டாக்டர், அவளுக்கு டாக்டருங்ககிட்ட எல்லாம் சரியா பேச வராதுலா..."

"உம்மைக் கேக்கேல்லை எண்டு சொன்னனான்!"

வெயிட்டிங் ரூமில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் காது சிவந்தது. அக்கா அவர் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்."

"பொய். நல்லா இருக்கிற ஆள் இங்கை ஏன் வாறீர்? மூச்சு எப்பிடி?"

"மின்ன மாதிரி இல்லீங்க. இப்பப் படி ஏறுனாக்கூட எளைக்கல."

"இருமல்?"

"கொறஞ்சிருச்சு. ராத்திரில நல்லா தூங்குறேன்."

டாக்டரம்மா நாற்காலியை இன்னும் முன்னால் நகர்த்தினார். "மூச்சு நல்லா இருக்கு. இருமல் குறைஞ்சிட்டுது. அப்ப ஏன் இப்பிடி மெலிஞ்சு போறீர்? சாப்பாட்டைக் கண்டால் பிடிக்கேல்லையோ?"

அக்கா துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, மாமாவுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"பசிக்குது டாக்டர்."

என் அக்கா. மூன்று வீட்டுக்குப் போதுமான அளவு சமைத்து, பக்கத்து வீட்டு நாய்க்கும் வைத்துவிட்டுச் சாப்பிடுகிற என் அக்கா, ஈப்போவில், கண் விழித்தால் பத்துக் கடை தெரிகிற ஊரில், பசிக்குது என்று யாரோ ஒருத்தியிடம் சொன்னார்.

விஷயம் அங்கேயே, மாமா வாயாலேயே வந்தது. போனில் யாரோ அனுப்பிய வீடியோ. சோறு, சீனி, இறைச்சி, மீன், தேங்காய் எல்லாம் புற்றுக்குத் தீனியாம், அதை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகுமாம். அதனால் முதல் டிரிப் ஏறிய நாளிலிருந்து அக்காவுக்குப் பத்தியம். உப்பில்லாத கேழ்வரகுக் கூழ், அவித்த கீரை, டுரியான் பெலண்டா என்கிற முள்சீத்தா இலையைக் காய்ச்சிய தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போதெல்லாம், "ஒங்கக்காவுக்கு வேற எதுவும் எறங்க மாட்டேங்குது" என்று மாமாதான் எனக்கும் பதில் சொன்னார். நிபுணருக்கும் அதே பதில். கட்டியும் பெரிதாகி, ஆளும் சாப்பிட முடியாமல் உருகிப்போனால் எந்த நிபுணரும் என்ன முடிவுக்கு வருவார்? மருந்து தோற்றுவிட்டது என்றுதான் வருவார்.

டாக்டரம்மா எழுந்து நின்றார். எழுந்து நின்றாலும் மாமாவின் நெஞ்சு உயரம்தான்.

"ஆளைப் பட்டினி போட்டிட்டு, மருந்து வேலை செய்யேல்லை எண்டு சொல்லுவீரோ? நீர் ஆர் அவவின்ரை வயித்துக்குப் பதில் சொல்ல? உம்மட வயிறோ அது?"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மா கையை நீட்டித் தடுத்துவிட்டு, அக்காவிடம் திரும்பி உட்கார்ந்தார். குரல் இறங்கியது, ஆனால் கோபம் இறங்கவில்லை.

"இஞ்சை பாரும். படத்திலை கட்டி பெரிசாத் தெரியுது, அது உண்மை. ஆனா இந்த மருந்திலை எழும்பின எதிர்ப்புச் சக்தி கட்டியைச் சூழுறதாலை சில பேருக்கு முதல்லை அப்பிடித் தெரியும். கோயில் வாசல்லை ரெண்டு பேர் சண்டை பிடிச்சா, விலக்குப் பிடிக்க ஓடின சனத்தையும் சேர்த்துத்தானே கூட்டம் பெரிசாத் தெரியும்? தூரத்திலை நிண்டு பாக்கிறவனுக்கு ஆர் அடிக்கிறான், ஆர் விலக்கிறான் எண்டு தெரியாது. எனக்கும் தெரியேல்லை. நடுப்பகுதி செத்துப்போன மாதிரிக் கறுத்திருக்கு, புதுசா வேறை இடத்திலை ஒண்டும் இல்லை. அதை வைச்சு நான் நல்லது எண்டு சத்தியம் பண்ண மாட்டன். வளர்ச்சியாவும் இருக்கலாம். சில கிழமை போய்த் திருப்பி எடுத்தால்தான் தெரியும். அதுவரைக்கும் மருந்தை நிப்பாட்டக் கூடாது. நீர் வடிவாச் சாப்பிட வேணும். விளங்குதோ?"

"விளங்குதுங்க."

"என்ன சாப்பிட ஆசை?"

"நெத்திலி சம்பலும் சோறும்" என்றார் அக்கா, கேள்வி முடியும் முன்னால்.

டாக்டரம்மா உள்ளே போனார். அவர் கதவைச் சாத்துகிற பழக்கம் இல்லாததால் நிபுணரோடு போனில் ஆங்கிலத்தில் போட்ட சண்டை எனக்கு முழுக்கக் கேட்டது. நான் உங்களுக்கு வைத்தியம் சொல்லித்தரவில்லை, என் வேலை படம் பார்ப்பதுதான், ஆனால் படத்தோடு சேர்த்துப் பார்க்க உங்களுக்குக் கிடைத்த பதில் தப்பானவரிடமிருந்து வந்திருக்கிறது, அந்தப் பெண் பசியோடு இருக்கிறாள், அவளைக் கேளுங்கள். இதையே அவர் நாலு விதமாகக் கத்தினார். அந்த நிபுணரையும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிடுகிறேன். ரோஷப்படாமல் கேட்டுக்கொண்டார். அக்காவை மறுபடி வரவழைத்து, மாமாவை வெளியே உட்கார வைத்துப் பேசினார். டிரிப் தொடர்ந்தது.

ஸ்கேன் எடுத்த அன்று மத்தியானமே அக்காவை வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெத்திலி சம்பல் வந்தது, சோறு மறுபடியும் வந்தது. அக்கா தலை நிமிராமல் சாப்பிட்டார். மாமா எதிரில் உட்கார்ந்து, பையிலிருந்து டப்பாவை எடுத்து அதே உப்பில்லாத கூழைக் குடித்தார். அக்கா சாப்பிடாததைத் தானும் சாப்பிடுவதில்லை என்று அத்தனை வாரமாக அவரும் அதையேதான் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். மனுஷன் அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கண் கலங்கிக் குடிப்பதைப் பார்த்து என் கோபம் இரண்டு மடங்காயிற்று.

அந்தக் கண்ணீரோடு அவர் நேராக எங்கே போனார் தெரியுமா? மறுநாள் எங்கள் மேனேஜரிடம் போனார். பத்துப் பேர் முன்னால் தன்னை அவமானப்படுத்தினார்கள், நீர் என்று கூப்பிட்டார்கள், "அந்தம்மா தஞ்சோங் ரம்புத்தான் மெண்டல் ஆஸ்பத்திரில இருக்க வேண்டிய கேஸ்லா" என்று சொல்லிப் புகார் கொடுத்தார். மேனேஜருக்குத் தேன் குடித்த மாதிரி ஆயிற்று. படங்களை இன்டர்நெட் லைனில் வெளியூருக்கு அனுப்பி, நோயாளியின் முகத்தையே பார்க்காத யாரோ படித்துச் சொல்கிற ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே பேச்சில் இருந்தது. கம்ப்யூட்டர் கோடு போடும், அங்கே இருப்பவர் கையெழுத்துப் போடுவார். சத்தம் இருக்காது. புகார்களைக் காட்டி டாக்டரம்மாவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்றார்கள்.

விஷயம் தெரிந்ததும் நான் மாமாவிடம் சண்டைக்குப் போனேன். "நீ என்னம்மா, யாரோ ஒருத்திக்காக வந்து கத்துற? நான் ஒங்கக்காவ எப்புடிப் பாத்துக்குறேன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார். "தெரியும் மாமா. நல்லா தெரியும். அவ வாயையும் சேத்து நீங்களே பாத்துக்கிட்டீங்க" என்றேன். அன்றிலிருந்து அவர் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட நான் வாங்கிக் குடிப்பதில்லை.

டாக்டரம்மா கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அக்காவின் மறு ஸ்கேன் வந்தது. அக்காவின் கன்னத்தில் சதை வைத்திருந்தது. நான் சாமியைக் கும்பிட்டேனா, திட்டினேனா என்று நினைவில்லை. கதவு மோதிய சத்தம் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். டாக்டரம்மா மாமாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, அக்காவிடம் போனார்.

"சின்னதாப் போச்சு. முதல் படத்தைவிடவும் சின்னன். வந்த சனம் அடிச்சுக் கலைச்சிட்டுது. முழுசாப் போகேல்லை, அதையும் கேட்டுக்கொள்ளும். மருந்து தொடரட்டும்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டரம்மா கையை உருவிக்கொண்டார். "அழுறதெண்டால் வெளியிலை போய் வடிவா அழும். அடுத்த ஆள் காத்துக்கொண்டிருக்கு" என்றார். அடுத்த ஆளும் அழுதுகொண்டுதான் இருந்தார். நானும்.

கடைசி நாள் மேனேஜர் கேக் வரவழைத்தார். மேலே கிரீமில் நன்றி என்று எழுதியிருந்தது. டாக்டரம்மா கடைசிப் படத்தின் அறிக்கையை முடித்துவிட்டு, பின்வாசல் வழியாகக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேக்கை நாங்களே வெட்டித் தின்றோம். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும், உமக்கு வேறை வேலை இல்லையோ என்றுதான் கத்துவார்.

இதற்கப்புறமும் ஒன்று நடந்தது. புந்தோங்கில் கோயில் அன்னதானம். பந்தியில் மாமா நடுநாயகமாக உட்கார்ந்து நாலு பேருக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஸ்கேன்ல பெருசாயிருச்சுன்னு டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. நான் விடலயே. டுரியான் பெலண்டா எலதான். விடாம குடுத்தேன். இப்ப அப்படியே சுருங்கிப்போச்சு." ஆட்கள் போனை எடுத்து இலையின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் தங்கச்சிக்கு என்றார். எனக்குப் பரிமாறிய இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சாமி கோவித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்றிருந்தது.

போன வாரம் அக்காவுக்கு அடுத்த ஸ்கேன். எங்கள் சென்டர் அமைதியாக இருந்தது. கதவு மோதவில்லை, மோதுவதற்கு அந்த அறையில் ஆள் இல்லை. புதிதாகச் சேர்ந்த மலாய்ப் பெண் ஒருத்தி, நல்ல பிள்ளை, அக்காவைப் படம் எடுக்க அழைத்துப் போகுமுன் தாளை வைத்துக்கொண்டு, சாப்பாடெல்லாம் எப்படி என்று மலாயில் சிரித்தபடி கேட்டாள்.

"கக், மாக்கான் ஓகே?"

கொஞ்சம் கொஞ்சம்தான் சாப்பிடுகிறாள் என்று சொல்ல மாமா முன்னால் சாய்ந்தார். "மாக்கான் சிக்கிட் சிக்கிட் லா, மிஸ்ஸி. டியா..."

"ஒங்களக் கேக்கல."

சொன்னது அக்கா. சத்தமாகவே சொன்னார். வெயிட்டிங் ரூமில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், மேனேஜர் கண்ணாடிக் கதவு வழியாகத் தலையை நீட்டினார். அக்கா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தனக்குத் தெரிந்த மலாயில், காலையில் என்ன சாப்பிட்டார், எத்தனை தோசை, என்ன சம்பல் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.